தாளந் தப்பிய இருதயமும் கதீற்றர் மருத்துவமும்

நம் கல்லூரித் தாயின் விழா மலருக்கு விஞ்ஞானக் கட்டுரை ஒன்று தருக என மலர்க் குழுவினர் பணித்தபோது, பொருளைத் தேடி நாம் நெடுநேரம் அலையவேண்டியிருக்கவில்லை. தீவகத்திலிருந்து கடல் கடந்து வந்து கல்வி கற்ற பழைய மாணவர் நம்முட் பலர். அன்னாருக்கும் அவர்தம் வீட்டாருக்கும் பயன்படத் தக்கதாய், உயர்தர வகுப்பில் உயிரியலும் பௌதிகமும் பயிலும் மாணாக்கருக்கு ஒரு பாடமாகவும் அமையும் பொருள் ஒன்று நம் மனத்தில் நெடுங்காலமாக இருந்து வந்தது. அஃது இருதயத்தின் தாளம் தப்பும் நோய்களும், அவற்றைக் கண்டறிந்து மாற்றுதற்குக் கதீற்றர் எனும் நுண்குழாய் பயன்படும் வகையும் ஆகும்.

நெடுந்தீவில் வாழும் தாய் ஒருத்தியை மனத்தில் எண்ணிக் கொள்வோம். கிணற்றடியிலே நீர் அள்ளிக்கொண்டு நிற்கிறாள். யாதொரு முன்னறிவிப்புமின்றி, விசை அழுத்தியதுபோல, அவள் நெஞ்சு படபடவென அடிக்கத் தொடங்குகிறது. கண் இருள்கிறது, உடல் வியர்க்கிறது, கழுத்து நரம்பு துள்ளுவது அருகில் நிற்போருக்கும் தெரிகிறது. வீட்டார் அவளைத் துறைக்குக் கொண்டு செல்கின்றனர். படகு கிடைத்துக் குறிகட்டுவானை அடைய ஏறத்தாழ ஒரு மணி நேரம். அங்கிருந்து புங்குடுதீவையும் வேலணையையும் கடந்து யாழ்ப்பாணம் சேர மேலும் ஒரு மணி நேரம். ஆயின் அவள் நெஞ்சோ, தொடங்கியவாறே, நடுக்கடலிலே சட்டென்று அடங்கிவிடுகிறது. வைத்தியசாலையில் ஈ.சி.ஜி. எடுக்கின்றனர், அதில் ஒரு குறையுமில்லை. "பயத்தினால் வந்தது, மனத்தை அமைதியாக வைத்திருங்கள்" என்று சொல்லி அனுப்புகின்றனர். சில திங்கள் கழிந்ததும் மீண்டும் அதுவே நிகழ்கிறது. சோளகம் பெயர்ந்து படகு ஓடாத நாளாயின் துறையைக் கடப்பதுந்தான் ஏது?

இவ்வாறு ஆண்டுக் கணக்காக அலைந்து, ஈற்றில் "இவளுக்கு நோயில்லை, மனந்தான்" என்ற பெயரையும் ஏற்றுக்கொண்டு வாழ்வோர் உலகெங்கும் உளர். வைத்தியன் வரும்வரை காத்திராத நோய் இது. அதனை வைத்தியனுடைய கண்முன்னே, அவன் குறித்த நேரத்தில், வரவழைத்துக் காட்டி, கண்ட இடத்திலேயே மாற்றிவிடவும் வல்லது கதீற்றர் முறை. வைத்தியசாலைக்குத் தொலைவில் வாழும் தீவகத்தாருக்கு இதன் பெறுமதி நகரத்தாருக்கு உள்ளதினும் பெரிது என்பதே இக்கட்டுரையால் நாம் நிறுவ விழைவது.

இருதயத்தின் மின்பாதை

இருதயம் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஓரிலக்கம் தடவை துடிக்கிறது. இத்துடிப்புக்கு மூளையின் ஏவல் வேண்டுவதில்லை. வலது சோணையறையில், மேற்பெருநாளம் வந்து சேருமிடத்தில், குடாச்சோணைக் கணு எனும் சிறு இழையம் உண்டு. இலண்டனிலே ஆர்தர் கீத்தும் மாட்டின் பிளாக்கும் 1907 இல் இதனை விவரித்தனர். இதுவே தாளம் போடுவது. ஓய்ந்திருக்கும் வளர்ந்தோர் ஒருவரில் நிமிடத்துக்கு 60 முதல் 100 தடவை வரையில் இங்கே மின் கணத்தாக்கம் தோன்றுகிறது. அது இரண்டு சோணையறைகளிலும் பரந்து அவற்றைச் சுருங்கச் செய்கிறது.

மேலேயுள்ள சோணையறைகளுக்கும் கீழேயுள்ள இதயவறைகளுக்கும் இடையில் மின் கடத்தாத நார்ச்சுவர் ஒன்று நிற்கிறது. அச்சுவரில் மின்னுக்குத் திறந்துள்ள வாயில் ஒன்றே ஒன்று. அவ்வாயிற் கணுவைச் சப்பானியராகிய தவாரா என்பார் 1906 இல் யேர்மனியில் ஆராய்ந்து வெளியிட்டார். அங்கே கணத்தாக்கம் ஏறத்தாழ ஒரு வினாடியின் பத்திலொரு பங்கு நேரம் தாமதித்து நிற்கிறது. அத்தாமதம் குறையன்று, மேலறை தன் குருதியைக் கீழறைக்கு ஊற்றி முடிப்பதற்கு இயற்கை அளித்த அவகாசம் அது. பின்னர் ஹிசுவின் கட்டு வழியாகவும் புர்க்கிஞ்சி நார்கள் வழியாகவும் விரைந்து சென்று இதயவறைகளைச் சுருங்கச் செய்கிறது. குருதி உடலெங்கும் பாய்கிறது. நாடி பிடித்துப் பார்க்கும் நம் பரியாரியாரின் விரல் உணர்ந்த தாளம் இதுவே.

வேலியில் விழுந்த பொட்டு

நெடுந்தீவைக் கண்டோர் அதன் கல்வேலிகளை மறவார். முருகைக் கற்களைச் சாந்தின்றி அடுக்கிய அவ்வேலிகள் வளவுகளைப் பிரித்து நிற்கின்றன. வளவுக்குப் படலை ஒன்று. மாடு போவதும் வருவதும் அப்படலை வழியாகவே நிகழுமாயின் ஒழுங்கு கெடுவதில்லை. வேலியில் எங்கோ ஓரிடத்திற் கல் சரிந்து பொட்டு ஒன்று விழுந்ததெனக் கொள்வோம். படலையால் வெளியே சென்ற மாடு பொட்டால் உள்ளே வரும். மீண்டும் படலையால் வெளியே செல்லும். துரத்துவோர் களைப்பரேயன்றி, மாடு சுற்றுவது ஓயாது.

இருதயத்திலும் இதுவே நிகழ்கிறது. சிலருக்குப் பிறவியிலேயே, நார்ச்சுவரில் முறையான வாயிலையன்றி, மின்னைக் கடத்தும் தசையிழை ஒன்று மேலறையையும் கீழறையையும் இணைத்து நிற்கும். வாயில் வழியே கீழிறங்கிய கணத்தாக்கம் இக்கள்ளப்பாதை வழியே மேலேறி, மீண்டும் வாயிலால் இறங்கிச் சுழலும். ஒவ்வொரு சுழற்சிக்கும் ஒரு துடிப்பு. இவ்வாறு நிமிடத்துக்கு 150 முதல் 220 வரையில் இருதயம் அடிக்கும். சுழலின் ஒரு கண்ணி அறுந்ததும் சட்டென நின்றுவிடும். திடீரென்று தொடங்குதலும் திடீரென்று அடங்குதலும் இவ்வகை நோயின் முத்திரை. அச்சத்தால் விரையும் இருதயம் படிப்படியாக ஏறிப் படிப்படியாகவே இறங்கும். இவ்வேறுபாடு ஒன்றே மனக்கலக்கத்தையும் மின்கோளாற்றையும் பிரித்தறியப் பெரிதும் உதவும்.

இத்தகைய கள்ளப்பாதை உடையாரின் ஈ.சி.ஜி. வடிவத்தை வூல்வ், பார்க்கின்சன், வைற்று எனும் மருத்துவர் மூவர் 1930 இல் விவரித்தனர். அம்மூவருட் போல் டட்லி வைற்று என்பாரிடம் பின்னாளில் ஆவாட் மருத்துவக் கல்லூரியிற் பயின்றவருள் ஒருவர் பத்மாவதி அம்மையார். பர்மாவிற் பிறந்து, போர்க்காலத்தில் 1942 இற் குடும்பத்துடன் கோயம்புத்தூருக்கு வந்து சேர்ந்த அவ்வம்மையார், இந்தியாவின் முதற் பெண் இருதய மருத்துவ வல்லுநர் எனப் போற்றப்பட்டவர். தில்லி ஆடிங்கு அம்மையார் மருத்துவக் கல்லூரியில் 1954 இற் கதீற்றர் கூடம் ஒன்றையும் அவர் அமைத்தார்.

வேறு சிலருக்குப் பொட்டு வேலியில் இராது. படலையே இரட்டைப் படலையாய் இருக்கும். வாயிற் கணுவை அடுத்து விரைவாய்க் கடத்தும் வழி ஒன்றும் மெதுவாய்க் கடத்தும் வழி ஒன்றும் அமைந்து, கணத்தாக்கம் அவ்விரண்டினூடும் சுழலும். சட்டெனத் தோன்றும் படபடப்பு நோய்களுள் வளர்ந்தோரிடையே மிகுதியாகக் காணப்படுவது இதுவே. பெண்களிடத்தே இது கூடுதலாகக் காணப்படுகிறது. நாம் தொடக்கத்தில் எண்ணிக்கொண்ட தாய்க்கு இவ்விரண்டில் ஒன்றே இருத்தல் கூடும்.

ஒல்லாந்தர் இட்ட பெயர்கள்

1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் நம் தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயரை இட்டனர். நெடுந்தீவு டெல்ப்ற் ஆயிற்று. வேலணையும் ஊர்காவற்றுறையும் அடங்கிய தீவு லெய்டன் ஆயிற்று. காரைதீவு ஆம்ஸ்டர்டாம் ஆயிற்று. ஆட்சி போயிற்று, டெல்ப்ற் எனும் பெயர் மாத்திரம் ஆங்கில வழக்கிலே இன்றும் நிலைத்திருக்கிறது. ஆயின் இருதயத்தின் மின்னியலைக் கற்பவர் லெய்டனையும் ஆம்ஸ்டர்டாமையும் மீண்டும் சந்திக்க நேரும் என்பது வியப்புக்குரியது.

வில்லெம் ஐந்தோவன் என்பார் யாவாத் தீவிலே செமாராங் எனும் ஊரில் 1860 இற் பிறந்தவர். இவரும் ஒரு தீவிற் பிறந்தவரே. லெய்டன் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராய் இருந்து, இருதயத்தின் மின்னோட்டத்தைத் துல்லியமாகப் பதியும் இழைக் கல்வனோமானியை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆக்கினார். உடலின் மேற்பரப்பில் தோன்றும் மின்னழுத்தம் ஒரு வோல்ற்றின் ஆயிரத்திலொரு பங்களவே. அதனை அளந்த கருவியோ ஓர் அறையை நிரப்பியது. அக்கருவியை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல இயலாமையால், 1905 இல், ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீற்றர் தொலைவிலிருந்த வைத்தியசாலையிற் கிடந்த நோயாளரின் இருதய மின்னோட்டத்தைத் தொலைபேசிக் கம்பி வழியாகத் தம் ஆய்வுகூடத்துக்கு வரவழைத்துப் பதிந்தார். நோயாளர் ஓரிடத்திலும் வல்லுநர் வேறோரிடத்திலும் இருந்து ஈ.சி.ஜி. பார்த்தல் இக்காலத்துப் புதுமையன்று; ஈ.சி.ஜி. பிறந்தபோதே பிறந்தது. 1924 இல் இவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது.

உடலின் வெளியே நின்று பதிவது தெருவில் நின்று வீட்டுக்குள் நடப்பதை உய்த்துணர்வது போன்றது. உள்ளே சென்று பார்த்தற்கு ஒரு வழி வேண்டியிருந்தது.

குழாய் இருதயத்தை அடைந்த வரலாறு

யேர்மனியில் எபர்சுவால்டு எனும் சிற்றூர் வைத்தியசாலையில் 1929 இல் வேணர் போர்ஸ்மன் எனும் இளம் மருத்துவர் இருந்தார். கைந்நாளம் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி இருதயத்தை அடையலாம் என்பது அவர் துணிபு. மேலதிகாரி இசையவில்லை. தமக்கே அதனைச் செய்துகொள்ளத் துணிந்தார் போர்ஸ்மன். கருவிகளைப் பெறுதற்கு உதவிய தாதியாரோ, முதலில் தமக்கே செய்யவேண்டுமென வேண்டினார். அவரை மேசையிற் கிடத்திக் கட்டி, அவருக்கே செய்வதுபோலக் காட்டி, தம் கையிலே நாளத்தை வெட்டி, சிறுநீர்வழிக் குழாயை 65 செ. மீ. வரையில் உட்செலுத்திக்கொண்டார். பின்னர் எக்ஸ்-கதிர் அறைக்கு நடந்து சென்று படம் பிடிக்கச் செய்தார். குழாயின் முனை இருதயத்துள் நிற்பது படத்திலே தெரிந்தது.

பாராட்டுக்குப் பதிலாகக் கண்டனமே அவருக்குக் கிடைத்தது. இருதயத் துறையை விட்டுச் சிறுநீரியல் மருத்துவராய் வாழ்ந்தார். அமெரிக்காவிலே கூர்நான், றிச்சாட்ஸ் எனும் இருவர் அம்முறையை எடுத்து வளர்த்து நிலைநாட்டினர். 1956 இல் மூவருக்கும் சேர்த்து நோபெல் பரிசு வழங்கப்பட்டது. பெரிய ஆய்வுகூடம் இருந்தாலன்றிப் பெரிய காரியம் ஆகாது என எண்ணும் மாணாக்கர் இவ்வரலாற்றை நினைவிற் கொள்க. ஆயினும், ஆசிரியர் சொல்லைத் தட்டித் தம்முடலில் ஆய்வு செய்தலை மாத்திரம் பின்பற்றாதொழிக!

போர்ஸ்மன் செலுத்திய குழாய் குருதியமுக்கத்தை அளக்கவும் மருந்து செலுத்தவும் பயன்பட்டது. குழாயின் முனையில் உலோக வளையங்களைப் பொருத்தி, உள்ளிருந்து மின்கம்பியை வெளியே கொண்டுவந்தால், அது மின்னைக் கேட்கும் செவியாகும். மின்னைச் செலுத்தின் தட்டியெழுப்பும் விரலாகும். ஆம்ஸ்டர்டாமிலே டுறர் என்பாரும் அவர்தம் குழுவினரும், பாரிசிலே கூமெல் என்பாரும், 1967 இல், குறித்த கணத்திற் செலுத்திய மின்தூண்டலால் படபடப்பை வேண்டும்போது தொடங்கவும் வேண்டும்போது நிறுத்தவும் கூடும் எனக் காட்டினர். டுறரின் மாணாக்கராகிய வெலன்ஸ் இதனை மேலும் விரித்தார். 1969 இல் அமெரிக்க ஆய்வாளர் ஷேர்லாக் முதலியோர் ஹிசுவின் கட்டிலெழும் நுண்ணிய மின்குறியைக் கதீற்றர் வழியாக மனிதரிற் பதியும் எளிய முறையை வெளியிட்டனர். அன்று முதல் இருதய மின்னியல் தனித் துறையாயிற்று.

ஆய்வு நடைபெறும் முறை

நோயாளர் கதீற்றர் கூடத்திற் கிடத்தப்படுவார். பெரும்பாலும் முழு மயக்கம் கொடுப்பதில்லை. தொடையின் மேற்புறத்திற் கவட்டுப் பகுதியை மாத்திரம் மரக்கச் செய்வர். அங்குள்ள பெருநாளத்தினூடாக இரண்டு மில்லிமீற்றர் அளவு தடிப்புள்ள கதீற்றர்களை ஒவ்வொன்றாகச் செலுத்துவர். நாளத்தின் உட்புறத்திலும் இருதயத்தின் உட்புறத்திலும் தொடுகை நோ பெரும்பாலும் தெரிவதில்லையாதலால், குழாய் செல்வதை நோயாளர் அதிகம் உணரார். எக்ஸ்-கதிர்த் திரையைப் பார்த்துக்கொண்டே ஒன்றை வலது சோணையறையின் மேற்பகுதியிலும், ஒன்றை ஹிசுவின் கட்டின் அருகிலும், ஒன்றை வலது இதயவறையிலும், ஒன்றை இருதயத்தின் பின்புறத்தே செல்லும் முடியுருக் குடாவிலும் நிறுத்துவர்.

இப்போது கணத்தாக்கம் எந்த இடத்தை எந்தக் கணத்திற் கடக்கிறது என்பது திரையில் தெரியும். பேருந்து ஒன்று எந்தத் தரிப்பிடத்தை எத்தனை மணிக்குக் கடந்தது எனக் குறித்துக்கொள்வது போல்வது இது. சோணையறையிலிருந்து ஹிசுவின் கட்டை அடைய ஒரு வினாடியின் ஆயிரத்தில் 50 முதல் 120 பங்கு வரையிலும், அக்கட்டிலிருந்து இதயவறையை அடைய 35 முதல் 55 பங்கு வரையிலும் செல்லுதல் இயல்பு. இரண்டாவது நேரம் மிக நீளுமாயின், மின்பாதை கீழே பழுதடைந்துள்ளது என்றும், அடிக்கடி மயங்கி விழும் அந்நோயாளருக்குத் துடிப்பூட்டும் கருவி வேண்டியிருக்கலாம் என்றும் அறியலாம். அந்நேரம் இயல்பினும் குறுகியிருப்பின், வேறொரு குறுக்குப் பாதை உண்டென்று ஐயுறலாம்.

அடுத்ததே இவ்வாய்வின் உயிர்நிலை. கதீற்றர் வழியாக இருதயத்தை ஒழுங்கான இடைவேளையிலே தூண்டிக்கொண்டு சென்று, இடையிலே ஒரு தூண்டலைச் சற்று முந்திச் செலுத்துவர். அம்முந்திய துடிப்பு ஒரு பாதை இன்னும் இளைப்பாறிக்கொண்டிருக்கையில் வந்து, மறு பாதையால் இறங்கி, முதற் பாதையால் திரும்பும். சுழல் தொடங்கிவிடும்! ஆண்டுக் கணக்காக வைத்தியர் கண்ணிற் படாது கடலிலே ஒளித்து விளையாடிய நோய், இப்போது திரையிலே நிற்கும். "இதுதான் ஐயா, எனக்கு வருவது இதுவேதான்" என்று நோயாளர் கூறுவார். சுழல் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என ஆராய்ந்த பின்னர், இன்னொரு தூண்டலால் அதனை நிறுத்திவிடுவர். மனந்தான் எனப் பெயர்பெற்ற ஒருவருக்கு, தம் சொல் பொய்யன்று எனக் காட்டும் சான்று எத்துணை ஆறுதல் அளிக்கும் என்பதை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

பொட்டை அடைத்தல்

கள்ளப்பாதையை முதன்முதல் வெற்றியுடன் அறுத்தது கத்தியே. அமெரிக்காவில் வட கரோலினாக் கரையோரத்தைச் சேர்ந்த கடற்றொழிலாளர் ஒருவருக்கு இந்நோய் இருந்தது, மருந்துக்கு அடங்கவில்லை. டியூக் பல்கலைக்கழகத்தில் 1968 ஆம் ஆண்டு மே மாதத்தில் சீலி எனும் சத்திரவைத்தியர் அவர் நெஞ்சைத் திறந்து, பாதை இருந்த இடத்தை மின்பதிவாற் கண்டு, அதனை அறுத்தார். நோய் நீங்கிற்று. உலகில் இச்சிகிச்சையால் முதன்முதல் நலம் பெற்றவர் கடலை நம்பி வாழ்ந்த ஒருவர் என்பது தீவகத்தாராகிய நமக்கு நினைக்கத் தக்கது. ஆயின் மயிரிழை போன்ற பாதை ஒன்றை அறுக்க நெஞ்சையே பிளப்பது பெருஞ் செயலன்றோ?

நெஞ்சைத் திறவாது கதீற்றராலேயே அதனைச் செய்ய முயன்றனர். 1981 இல் சான் பிரான்சிஸ்கோவில் ஷைன்மன் என்பார் கதீற்றர் வழியாக மின்னதிர்ச்சி செலுத்தி வாயிற் கணுவின் கடத்தலைத் துண்டித்தார். அதிர்ச்சி வலிதாகையால் இடரும் மிகுந்திருந்தது. வாயிலையே மூடியதால் அந்நோயாளருக்குத் துடிப்பூட்டும் கருவியும் வேண்டியிருந்தது. பின்னர் வானொலி அதிர்வெண் மின்னோட்டம் புகுந்தது. வினாடிக்கு ஏறத்தாழ ஐந்து இலக்கம் தடவை திசை மாறும் இம்மின்னோட்டம் தசையைத் துள்ளச் செய்வதில்லை. கதீற்றரின் முனையைத் தொடும் இழையத்தைச் சூடாக்குவது மாத்திரமே செய்யும். வெப்பநிலை 50 பாகை செல்சியசைத் தாண்டியதும் அச்சிறு புள்ளியிலுள்ள கலங்கள் இறந்து, மின் கடத்தாத தழும்பாகும். தழும்பின் அளவு சில மில்லிமீற்றரே. 1987 அளவில் யேர்மனியில் இம்முறை மனிதருக்குப் பயன்படத் தொடங்கியது. 1991 இல் ஜக்மன் முதலியோர் பல நோயாளரிற் பெற்ற வெற்றியை வெளியிட்ட பின், உலகெங்கும் பரவிற்று.

கதீற்றரின் முனை சரியான இடத்தைத் தொட்டு மின்னோட்டம் செலுத்தப்படும்போது, பெரும்பாலும் சில வினாடிகளுக்குள்ளேயே ஈ.சி.ஜி. வடிவம் மாறிவிடும். பிறந்த நாள் முதல் இருந்த பொட்டு அக்கணத்தில் அடைபடுகிறது. அரை மணி நேரம் காத்திருந்து, மீண்டும் முன்போலத் தூண்டிப் பார்த்து, சுழல் தொடங்காமையை உறுதி செய்வர். நோயாளர் பெரும்பாலும் மறுநாள் வீடு திரும்புவார். இருவகைச் சுழல் நோய்களிலும் நூற்றுக்கு ஏறத்தாழ 95 பேர் இவ்வொரு சிகிச்சையால் நலம் பெறுகின்றனர். நாடோறும் மாத்திரை விழுங்கி, அது தீர்ந்தபோது கடல் கடந்து சென்று வாங்கி வாழும் தீவகத்தார் ஒருவருக்கு, ஒரு முறை சென்று முற்றாகத் தீர்த்து வருதல் என்ன வேறுபாட்டைச் செய்யும் என்பதைத் துறையிலே காத்து நின்றவர் அறிவர்.

எல்லைகளும் இடர்களும்

எல்லாத் தாளக்கேடும் இவ்வாறு எளிதில் தீர்வனவல்ல. முதுமையில் மிகுதியாய் வருவது சோணையறைக் குறுநடுக்கம். இங்கே ஒரு சுழல் இன்றி, மேலறை முழுவதும் ஒழுங்கின்றித் துடிதுடிக்கும். நாடி தாளமே இன்றி ஓடும். மேலறையிற் குருதி தேங்கி உறைந்து, அவ்வுறைவு மூளைக்குச் சென்று பாரிசவாதத்தை விளைத்தல் கூடும். பிரான்சு நாட்டிலே போர்தோ நகரின் ஹைசகேர் என்பாரும் குழுவினரும் 1998 இல் 45 நோயாளரை ஆராய்ந்து, இந்நடுக்கத்தைத் தொடக்கிவைக்கும் முன்றுடிப்புகளின் பிறப்பிடங்களில் நூற்றுக்கு 94 நுரையீரல் நாளங்களினுள்ளே இருத்தலைக் கண்டனர். அது முதல் அந்நாளங்களின் வாயைச் சுற்றி வளையமாகத் தழும்பிட்டுத் தனிமைப்படுத்தும் முறை வழக்கில் வந்தது. சூட்டுக்குப் பதிலாகக் கடுங் குளிராலும் அதனைச் செய்வர். மிகக் குறுகிய மின்துடிப்புகளாற் கலச்சுவரிற் துளைகளை ஆக்கும் புதிய முறையும் அண்மை ஆண்டுகளில் வந்துள்ளது. அருகிலுள்ள களத்துக்கு அதனால் ஊறு குறைவு. இருதயத்தின் உட்புறத்தை முப்பரிமாணப் படமாகக் கணினி வரைந்து காட்டுவதால், எக்ஸ்-கதிரின் தேவையும் குறைந்துள்ளது. ஆயினும் குறுநடுக்கம் மீண்டும் வருதல் உண்டு. குருதி உறையாமைக்கான மருந்தைத் தொடரவேண்டுவோரும் பலர்.

இடர்களையும் மறைத்தல் ஆகாது. கவட்டிலே குருதி கசிந்து கண்டுதல் உண்டு. அரிதாக இருதயச் சுவர் துளைபட்டுச் சுற்றுறையிற் குருதி சேர்தலும் கூடும். வாயிற் கணுவுக்கு மிக அருகிற் சுட நேரும்போது, நூற்றில் ஒருவருக்கோ அதனினும் குறைந்தோருக்கோ வாயிலே அடைபட்டு, துடிப்பூட்டும் கருவி வேண்டியதாகலாம். நன்மையையும் இடரையும் சீர்தூக்கி, மருத்துவரிடம் வினாவி, முடிவு செய்தல் நோயாளரின் உரிமை.

நம்மவர் செய்யத் தக்கன

இலங்கையில் இச்சிகிச்சை கொழும்புத் தேசிய வைத்தியசாலையிலே செய்யப்படுகிறது. பாக்கு நீரிணைக்கு அப்பால் வேலூரிலும் சென்னையிலும் நெடுங்காலமாக நடைபெறுகிறது. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் கதீற்றர் கூடம் உண்டாயினும், முடியுரு நாடி அடைப்பை ஆராய்தலும் மின்பாதையை ஆராய்தலும் வெவ்வேறு பயிற்சி வேண்டுவன. சிகிச்சை எங்கிருப்பினும், அங்கே செல்லுதற்கு நோயாளரிடம் ஒரு சீட்டு இருத்தல் வேண்டும். படபடப்பு நிகழ்கையிலேயே எடுத்த ஈ.சி.ஜி. தான் அச்சீட்டு.

ஆகவே, நெஞ்சு படபடக்கும்போது யாழ்ப்பாணத்தை நோக்கி ஓடுதற்கு முன், ஈ.சி.ஜி. எடுக்கக்கூடிய அண்மையான வைத்தியசாலைக்கு முதலிற் செல்லுதல் வேண்டும். அங்கே எடுத்த ஒரு தாள், அடங்கிய பின் பெரிய வைத்தியசாலையில் எடுக்கும் பத்துத் தாள்களினும் பெறுமதியுடையது. ஐந்தோவன் கம்பி வழியாக ஒன்றரைக் கிலோமீற்றர் அனுப்பியதை இன்று கைத்தொலைபேசியாற் படம் பிடித்துக் கடல் கடந்து கணத்தில் அனுப்பலாம். அத்தாளை நோயாளர் தாமும் பாதுகாத்து வைத்தல் வேண்டும். ஈ.சி.ஜி. எடுக்க இயலாதாயின், நாடியை ஒரு நிமிடம் எண்ணுக. ஒழுங்காக ஓடுகிறதா, ஒழுங்கின்றியா என்று நோக்குக. தொடங்கிய நேரத்தையும் அடங்கிய நேரத்தையும், அடங்கியது சட்டெனவா மெல்லெனவா என்பதையும் குறித்துக் கொள்க.

சுழல் நோய் என முன்னரே மருத்துவராற் கூறப்பெற்றவருக்கு எளிய வழி ஒன்றும் உண்டு. சாய்ந்திருந்தபடி 15 வினாடி மூச்சை அடக்கி முக்கி ஊதியபின், உடனே மல்லாந்து கிடந்து, கால்களை மற்றொருவர் 15 வினாடி உயர்த்திப் பிடிப்பாராயின், பலருக்குச் சுழல் அறும். இங்கிலாந்தில் நடைபெற்று 2015 இல் வெளிவந்த ஆய்வில் இம்முறை நூற்றுக்கு 43 பேருக்குப் பயன்பட்டது. கால் உயர்த்தாத பழைய முறையோ 17 பேருக்கே பயன்பட்டது. இதனை மருத்துவரிடம் நேரிற் கற்றபின்னரே செய்க. மயக்கமோ, நெஞ்சு நோவோ, மூச்சுத் திணறலோ உடன்வருமாயின், அல்லது குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் நிகழ்ந்திருக்குமாயின், காலந் தாழ்த்தலாகாது. கடற்படைப் படகாயினும் ஏதாயினும் கிடைத்ததிற் கடந்து செல்லுதல் வேண்டும்.

ஆசிரியர்க்கும் ஒரு வார்த்தை. விளையாட்டு மைதானத்திலே மயங்கி விழும் பிள்ளையை "காலையிற் சாப்பிடவில்லை" என்று கூறி வீட்டுக்கு அனுப்பிவிடுதல் போதாது. ஓடிக்கொண்டிருக்கையில் மயங்கிய பிள்ளைக்கு ஒரு முறையேனும் ஈ.சி.ஜி. எடுக்கச் செய்க. கள்ளப்பாதையைச் சிலரில் அவ்வொரு தாளே காட்டிவிடும்.

மாணாக்கருக்கு நாம் கூறுவது இது. மானிப்பாயிலே சமுவேல் பிஸ்க் கிறீன் என்பார் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் கற்பித்தார்; நூல்களும் தமிழில் ஆக்கினார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் 1978 முதல் மருத்துவரை ஆக்கி வருகிறது. விஞ்ஞானம் நம் மண்ணுக்கு அயலானதன்று. கதீற்றர் மருத்துவம் மருத்துவர் ஒருவராலேயே நடைபெறுவதுமன்று. மின்னியல் அறிந்தவர், எக்ஸ்-கதிர் அறிந்தவர், கணினி அறிந்தவர், தாதியர் ஆகியோர் அனைவரும் ஒரு மேசையைச் சூழ நின்று செய்யும் தொழில் அது. பௌதிகத்தில் விருப்புடைய மாணவனுக்கும் அங்கே இடமுண்டு; நோயாளரிடம் பொறுமையுடன் பேசவல்ல மாணவிக்கும் இடமுண்டு.

குமுதினியும் வடதாரகையும் நெடுந்தாரகையும் ஓடிய கடல் அது. அக்கடலைக் கடந்து கற்க வந்தவர், கற்றதைக் கொண்டு ஒரு நாளாயினும் அக்கடலைத் திரும்பக் கடத்தல் வேண்டும். நெடுந்தீவுக் கிணற்றடியிலே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அத்தாயிடம், "உமக்கு வந்தது மனக்கலக்கம் அன்று, அம்மா, அதற்கு ஒரு பெயருண்டு, ஒரு தீர்வும் உண்டு" என்று சொல்லவல்லவர் ஒருவர் இம்மலரை வாசிப்போரிடையே தோன்றுவராயின், இக்கட்டுரையை எழுதிய பயனை நாம் அடைந்தவராவோம்.

வாழ்க நம் கல்லூரி! வளர்க அதன் கல்விப் பணி!